காளை, எருது, கிடாரி: மாட்டுக்கு ஏன் இத்தனை பெயர், பூனைக்கு ஏன் இல்லை?

வணக்கம் சகோதரி. உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாசில் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் உங்கள் மகனுக்கு வீட்டுப்பாடமாக ஓர் அட்டவணை வந்திருக்கிறது. ஒரு பக்கம் விலங்கின் பெயர், அடுத்த கட்டத்தில் ஆண், அதற்கடுத்து பெண். மாட்டுக்கு நேரே அவன் ‘காளை, பசு’ என்று எழுதினான். தாத்தா ‘எருது’ என்று எழுதச் சொன்னார். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பாட்டி ‘நாம்பன், நாகு’ என்றார். ஆடு, குரங்கு, யானை, பூனை, குதிரை ஆகியவற்றுக்கு நேரே கட்டம் காலியாக இருக்கிறது. யார் சொன்னது சரி, காளையும் எருதும் ஒன்றா, எல்லா விலங்குக்கும் இப்படி ஜோடிப் பெயர் உண்டா, குட்டிகளின் இளமைப் பெயர்கள் என்ன என்று கேட்டிருந்தீர்கள்.

மூன்று பேர் சொன்னதும் சரி. பெண் மாடு பசு. ஆண் மாடு காளை. அந்தக் காளையையே காயடித்து ஏருக்கோ வண்டிக்கோ பழக்கினால் எருது. இன்னும் கன்று ஈனாத இளம் பெண் மாடு கிடாரி; அதையே யாழ்ப்பாணத்தார் நாகு என்பார்கள், இளங்காளையை நாம்பன் என்பார்கள். எல்லா விலங்குக்கும் ஜோடிப் பெயர் உண்டா என்றால், இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த அட்டவணை முறை பிள்ளைகளுக்கு ஒரு தவறான எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு விலங்குக்கும் தனியாக ஓர் ஆண் பெயர், ஒரு பெண் பெயர் ஒதுக்கி வைத்திருப்பதுபோல் அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தமிழ் அப்படி வேலை செய்வதில்லை.

மாட்டிலிருந்தே தொடங்கலாம். மாடு என்ற சொல்லுக்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது. மந்தை முழுவதையும் மாடு என்று சொல்லிவிடலாம். பசு வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அது பொதுவாக விலங்கு, கால்நடை என்ற பொருளுடையது. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்னும்போது பசு என்பது உயிரைக் குறிக்கிறது. தமிழ்ப் பேச்சில் மட்டும் அது பெண் மாட்டுக்கு என்று நிலைத்துவிட்டது. அதற்கு முன்பிருந்தே இருக்கும் தமிழ்ச் சொல் ஆ. ஆன் என்றும் வரும்.

காளைக்கும் எருதுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத்தான் இன்றைய நகரத்துப் பிள்ளைகள் அறியாமல் போகிறார்கள். அதைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பே இல்லை. காளைக்கன்று வளர்ந்து பருவம் வந்தால் பசுவைத் தேடும், மற்ற காளையோடு முட்டும், கயிற்றை அறுக்கும். அதன் உடம்பில் சுரக்கும் ஆண் ஹார்மோன் செய்யும் வேலை அது. அந்த ஹார்மோனால்தான் கழுத்து தடித்து, திமில் உயர்ந்து, முன்பக்கம் கனத்து நிற்கிறது. இப்படிப்பட்ட மாட்டை நுகத்தில் பூட்டி நாள் முழுக்க ஒரே சீராக நடக்க வைப்பது கடினம். ஆகவே காயடித்துவிடுவார்கள். அப்புறம் அது சாந்தமாகும். சொன்ன பேச்சு கேட்கும். ஆனால் இழுக்கும் பலம் இருக்கும். அதுதான் எருது. உழவுமாடு, வண்டிமாடு என்று பேச்சில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதைத்தான்.

இனத்துக்காகக் காயடிக்காமல் வைத்திருக்கும் நல்ல காளைக்கு வேறு பெயர் உண்டு: பொலிகாளை. கொங்கு நாட்டில் பூச்சிக்காளை என்பார்கள். ஊருக்கு ஒன்றிரண்டு இருந்தால் போதும், சுற்றுவட்டாரத்துப் பசுக்களெல்லாம் அதனிடம்தான் வரும். இப்போது ஊசி மூலம் சினைப்படுத்துவதால் அந்தக் காளைகளின் தேவை குறைந்துவிட்டது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கோடு எல்லா ஊரிலும் ஒரே இடத்தில் போடப்படவில்லை. இராமநாதபுரம் சீமையில் எருதுகட்டு என்று விளையாட்டே இருக்கிறது. அங்கே எருது என்பது சீறிவரும் காளைதான். அகராதிகளும் எருதுக்குக் காளை என்று பொருள் சொல்லும். ஆகவே உங்கள் மகன் ஆணுக்கு எருது என்று எழுதினால் அதைத் தப்பு என்று அடிப்பது நியாயமல்ல. ஆனால் ஒன்றை மட்டும்தான் எழுத இடமிருக்கிறது என்றால் காளை என்று எழுதட்டும். அது எல்லோருக்கும் பொதுவானது.

பெண் பக்கம் இன்னும் நுணுக்கமானது. கன்றிலேயே காளைக்கன்று, கிடாரிக்கன்று என்று பிரித்துவிடுவார்கள். சில ஊர்களில் கிடேரி, கடாரி என்றும் வாயில் வரும். கிடாரி வளர்ந்து முதல் தடவை கன்று ஈன்றால் அது தலையீற்று. அதன் பிறகு அதைக் கிடாரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பசு என்பார்கள். வயிற்றில் கன்று இருந்தால் சினைமாடு. அது ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல், ஏறத்தாழ 280 நாள் சுமக்கும். பால் கொடுத்துக்கொண்டிருந்தால் கறவைமாடு. பால் வற்றிவிட்டால் வறட்டுமாடு, கருப்பிடிக்காவிட்டால் மலட்டுமாடு. இவை ஒவ்வொன்றின் விலையும் வேறு. சந்தையில் ‘ஒரு பசு விலைக்கு இருக்கிறது’ என்று சொன்னால் வாங்க வருகிறவனுக்கு அது போதாது. கிடாரியா, தலையீற்றா, எத்தனையாவது ஈற்று, இப்போது கறக்கிறதா என்பதுதான் அவனுக்கு முக்கியம். கன்று ஈனாத மாடு பால் தராது. பணம் கொடுத்து வாங்கும் ஒருவனுக்கு இந்தச் சொற்கள் அத்தனையும் தேவைப்பட்டன, அதனால் உண்டாயின.

பால்மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்கும் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பசு இரட்டைக் கன்று போட்டு, ஒன்று காளை ஒன்று கிடாரியாக அமைந்துவிட்டால், அந்தக் கிடாரி பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் மலடாகத்தான் இருக்கும். கருப்பைக்குள்ளேயே இரண்டின் ரத்தக் குழாய்களும் இணைந்து, காளைக்கன்றின் ஹார்மோன் கிடாரியின் உறுப்புகளை வளர விடாமல் செய்துவிடுகிறது. வெளியே பார்த்தால் நல்ல கிடாரிதான். வளர்த்துப் பார்த்தால் சினை பிடிக்காது. இரட்டைக் கன்றில் கிடாரி வாங்கும்முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

நம் பினாங்கிலேயே இந்தச் சொற்களெல்லாம் அன்றாடம் புழங்கிய காலம் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பாலுக்கும் வண்டிக்கும் அங்கிருந்தே மாடு கொண்டுவந்தார்கள். அவற்றின் வழிவந்த மாடுகளைக் கால்நடைத் துறையினர் உள்ளூர் இந்தியக் கறவை மாடு என்றே தனி வகையாகக் கணக்கிடுகிறார்கள். இங்கேயே காலங்காலமாக இருக்கும் சிறிய உடம்புடைய கெடா கிளந்தான் மாடு வேறு. ஜார்ஜ்டவுனின் பர்மா சாலையை ஹொக்கியன் பேசுகிற சீனர்கள் தண்ணீர் வண்டிச் சாலை என்ற பொருளில் அழைப்பார்கள். ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து மாட்டுவண்டியில் நகரத்துக்குத் தண்ணீர் வந்த காலத்துப் பெயர் அது. தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஒன்றிரண்டு மாடு வளர்த்து, பால்மரம் (ரப்பர்) வெட்டும் வேலைக்குப் போவதற்கு முன் பால் கறந்து ஊற்றிய குடும்பங்கள் ஏராளம். அந்த வீடுகளில் பிறந்தவர்களுக்குக் கிடாரி என்ற சொல்லை யாரும் பாடமாக நடத்தவில்லை. தோட்டம் போனது, மாடு போனது, கூடவே சொல்லும் போனது. உங்கள் மாமனாருக்கு எருது என்ற சொல் சட்டென்று வாயில் வந்தது என்றால், அவர் வண்டிமாட்டைப் பார்த்து வளர்ந்தவராக இருக்க வேண்டும். பையனை அவர் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இப்போது இங்கே மாடு இழுக்கும் காட்சியைப் பிள்ளைகள் பார்ப்பது என்றால் பெரும்பாலும் தைப்பூசத்துக்குத்தான். பினாங்கு வீதியிலுள்ள (லெபு பினாங்கு) கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் போகும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வெள்ளி ரதத்தை மாடுகள் பூட்டி இழுப்பது வழக்கம். மாட்டுப் பொங்கலுக்கு மாடு இருக்கும் வீடு தேடிப் போவதுபோல், ரதத்தின்போதும் அந்த மாடுகளைப் பக்கத்தில் நின்று பார்க்க வையுங்கள்: திமில், கொம்பு, கழுத்து எல்லாவற்றையும்.

மலாய் மொழியில் இது மிக எளிது. லெம்பு என்றால் மாடு. ஆணுக்கு லெம்பு ஜந்தான், பெண்ணுக்கு லெம்பு பெத்தினா. இந்த இரண்டு சொல்லையும் ஆடு, கோழி, பூனை, யானை எதற்கும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அங்கேயும் மாடு வளர்ப்பவர்கள் கன்று ஈனாத கிடாரியை லெம்பு டாரா என்று தனியாகச் சொல்வார்கள், காயடித்ததற்குக் கெம்பிரி என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதாவது மொழி எதுவானாலும், வளர்க்கிறவனுக்குத் தேவைப்படும் இடத்தில் சொல் பெருகுகிறது.

உங்கள் மகன் பள்ளியில் குறள் படிக்கிறான் அல்லவா? அதை வைத்தே அவனுக்கு இதைக் காட்டலாம். 59ஆம் குறளில் ‘ஏறுபோல் பீடு நடை’ என்று வருகிறது. ஏறு என்பது நிமிர்ந்து நடக்கும் காளை. 624ஆம் குறளில் மேடு பள்ளம் பாராமல் வண்டியை இழுத்துச் செல்லும் மாட்டுக்குப் பகடு என்று பெயர், வேலை மாடு. 273ஆம் குறளில் புலித்தோல் போர்த்து மேயும் பசுவுக்குப் பெற்றம். 1066இல் தண்ணீர் கேட்பது ஆவுக்காக. பாருங்கள், மாடு ஒன்றுதான். வீரத்தைச் சொல்ல ஏறு, உழைப்பைச் சொல்ல பகடு, இரக்கத்தைச் சொல்ல ஆ. மூன்றையும் இடம் மாற்றிப் போட்டால் குறள் கெட்டுவிடும்.

எருமைக்கு வருவோம். ஆண் எருமையைக் கடா என்போம், எருமைக்கடா. எமனுக்கு வாகனம் அதுதான். பெண்ணுக்குத் தனிப் பெயர் வழக்கில் இல்லை. எருமை என்றாலே பால் கறக்கும் பெண் எருமைதான் நினைவுக்கு வரும். அதன் கன்றும் கன்றுதான், ஈனாத பெண்ணும் கிடாரிதான்.

ஆட்டில் ஆண் கிடா. கிடாய், கடா என்றும் சொல்வார்கள். இது மலேசியத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல், ஏனென்றால் தோட்டத்து முனியாண்டி கோயிலில் கிடா வெட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அது ஏன் எப்போதும் கிடா? பெட்டை ஆடு ஐந்து மாதம் சினை சுமந்து குட்டி போட்டு மந்தையைப் பெருக்கும். கிடா ஒன்றிரண்டு இருந்தால் இனத்துக்குப் போதும், மிச்சம் எல்லாம் கறிக்கோ நேர்த்திக்கடனுக்கோ போகும். பெண் ஆடு பெட்டை ஆடு. யாழ்ப்பாணத்தார் மறியாடு என்பார்கள். உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், கட்டாயம் சொல்வார். வேடிக்கை என்னவென்றால், பழைய இலக்கணத்தில் மறி என்பது ஆட்டின் குட்டிக்கும் மான் குட்டிக்கும் பெயர். குட்டியைச் சொன்ன சொல் ஓர் ஊரில் பெண் ஆட்டுக்குப் போயிருக்கிறது. முட்டிச் சண்டை போடும் ஆட்டுக்கடாவுக்குத் தகர் என்று இன்னொரு பழைய பெயர். 486ஆம் குறளில் தாக்குவதற்காகப் பின்வாங்கும் ‘பொருதகர்’ அதுதான்.

கோழிக்கும் மாட்டைப்போலவே சொற்கள் நிறைய. ஆண் சேவல், பெண் பெட்டைக்கோழி. முட்டையிடத் தொடங்கும் பருவத்து இளம் பெட்டை விடைக்கோழி, பேச்சில் வெடக்கோழி. அடைகாக்கும் நேரத்தில் அதே கோழி அடைக்கோழி. மார்க்கெட்டில் வெட்டிய கோழி மட்டுமே பார்க்கும் வீட்டில் இந்தப் பெயர்கள் எதுவும் தேவைப்படாது. கம்பத்துக் கோழி வளர்ப்பவர்களிடம் இன்னும் இருக்கின்றன.

இனி, பழைய இலக்கணம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அட்டவணை போடும் ஆசிரியர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும் என்று உண்மையாகவே நினைக்கிறேன். தொல்காப்பியத்தின் கடைசி இயல் மரபியல். அதன் தொடக்கத்திலேயே விலங்கு, பறவைகளின் இளமைப் பெயர்கள், பிறகு ஆண் பெயர்கள், பிறகு பெண் பெயர்கள் என்று வரிசையாக வருகின்றன. ஏறு, ஏற்றை, ஒருத்தல், களிறு, சே, சேவல், இரலை, கலை, மோத்தை, தகர், உதள், அப்பர், போத்து, கண்டி, கடுவன் எல்லாம் ஆண். பேடை, பெடை, பெட்டை, பெண், மூடு, நாகு, கடமை, அளகு, மந்தி, பாட்டி, பிணை, பிணவு, பிடி எல்லாம் பெண். பாட்டி என்ற சொல்லைப் பார்த்துச் சிரிப்பு வரும். அங்கே அது பெண் பன்றிக்கும் பெண் நாய்க்கும் பெயர், நரிக்கும் சொல்லலாம் என்கிறார் தொல்காப்பியர்.

சொற்களைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. அடுத்தடுத்து எந்தச் சொல் எந்தெந்த விலங்குக்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அங்கேதான் நம் அட்டவணை உடைகிறது. களிறு என்றால் ஆண் யானை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆண் பன்றியையும் களிறு என்று சொல்லத் தடையில்லை என்கிறார். ஏறு மாட்டுக்கு மட்டுமில்லை. எருமைக்கும் உண்டு, பன்றிக்கும் உண்டு, சில மான்களுக்கும் உண்டு. போத்து மாட்டுக்கும் எருமைக்கும் புலிக்கும் வரும், மயிலுக்கும் வரும். சேவல் என்பது சிறகுள்ள எல்லாப் பறவையின் ஆணுக்கும் பொது, மயில் ஒன்றைத் தவிர. அத்தோடு விடாமல் ஆண் குதிரையைச் சேவல் என்று சொல்லும் வழக்கும் இருக்கிறது, அதைத் தள்ளக் கூடாது என்கிறார். பெட்டை ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் கழுதைக்கும் பறவைக்கும் பொது. நாகு மாட்டுக்கும் எருமைக்கும் உரியது. யாழ்ப்பாணத்துப் பாட்டியின் சொல் எவ்வளவு பழையது என்று இப்போது தெரிகிறதா?

இவ்வளவு சொன்ன பிறகு, ஆணெல்லாம் ஆண் என்று சொல்லப்படும், பெண்ணெல்லாம் பெண் என்று சொல்லப்படும் என்றும் அதே இயலில் வழிவிட்டிருக்கிறார். ஆகவே ‘ஆண் பூனை, பெண் பூனை’ என்று எழுதுவது சொல் தெரியாதவன் செய்யும் சமாளிப்பு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது இலக்கணம் அனுமதித்த முழுமையான தமிழ்.

எந்த விலங்குக்குத் தனிச் சொல் வந்தது, எதற்கு வரவில்லை என்று யோசித்தால் இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று பயன்; மாடு, ஆடு, கோழி பற்றிச் சொன்னதெல்லாம் அதுதான். மற்றது பார்வை. ஆணும் பெண்ணும் தூரத்திலிருந்து பார்த்தாலே வேறாகத் தெரிந்தால் பெயரும் வேறாகும். யானையில் களிறும் பிடியும். ஆசிய யானைகளில் பிடிக்கு வெளியே நீளும் தந்தம் இருக்காது. தந்தம் இல்லாத ஆணும் உண்டு, அதை மோழை அல்லது மக்னா என்று இன்னொரு சொல்லால் பிரித்தார்கள். பகாங்கில் கோலா கண்டா யானைக் காப்பகத்துக்குக் குடும்பத்தோடு போனால் பையனிடம் எது களிறு, எது பிடி என்று கேளுங்கள். மானிலும் அப்படித்தான். கொம்புள்ளது கலைமான், இல்லாதது பிணைமான். 1089ஆம் குறளில் பெண்ணின் பார்வைக்கு உவமையாக வருவது பிணைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது சுறா. கடலில் வாழும் சுறாவின் ஆணையும் ஏறு என்று சொல்லலாம் என்று மரபியல் சொல்கிறது. மீனில் எத்தனையோ வகை இருக்க, சுறாவுக்கு மட்டும் ஏன்? பெரும்பாலான மீன்களை வெளியே பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. சுறாவில் முடியும். ஆண் சுறாவின் அடிவயிற்றுத் துடுப்புகளை ஒட்டி இரண்டு நீளமான உறுப்புகள் தொங்கும், பெண்ணுக்கு இருக்காது. வலையில் வந்த சுறாவைப் புரட்டிப் பார்த்த பரதவனுக்கு அது கண்ணில் படாமல் இருந்திருக்காது. அந்தச் சொல் வந்த வழி இதுதான் என்று சூத்திரம் சொல்லவில்லை, நான் அப்படிப் புரிந்துகொள்கிறேன்.

குரங்குக்கு நம்மூர் நல்ல பள்ளிக்கூடம். ஆண் கடுவன், பெண் மந்தி. அட்டவணையில் அப்படியே எழுதலாம். மரபியல் இன்னும் ஒருபடி மேலே போகிறது. சாதாரணக் குரங்கு வேறு, நீண்ட வாலும் கரிய முகமும் உடைய முசு வேறு. பெண் என்றால் இரண்டுமே மந்தி. ஆண் என்றால் குரங்கில் கடுவன், முசுவில் கலை. தாவரவியல் பூங்காவிலும் பினாங்குக் கொடிமலையிலும் இந்த இரண்டு வகையும் இருக்கின்றன. கையிலிருக்கும் பொட்டலத்தைப் பிடுங்க வருவது மலாயில் கெரா. மரத்தின் உச்சியில் இலை தின்றுகொண்டு கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு நம்மைப் பார்ப்பது லோத்தோங். முசு என்று பழந்தமிழர் சொன்னது இந்த லோத்தோங் அல்ல, அங்குள்ள அதன் உறவுக் குரங்கு. ஆனால் குடும்பம் ஒன்றுதான். லோத்தோங் குட்டி ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும், அதைத் தூக்கி வைத்திருப்பது பெரும்பாலும் மந்திதான்.

பறவைகளில் பேடை, பெடை, பேடு எல்லாம் பெண். மயில் பெண்ணுக்கு அளகு என்றும் பெயர் உண்டு. குயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விடியற்காலையில் நம் அடுக்குமாடிக்குக் கீழே தொண்டை கிழியக் கூவுவது ஆண், கன்னங்கரேல் என்றிருக்கும். பெண் பழுப்பு நிறத்தில் புள்ளி போட்டிருக்கும். அது ‘கிக் கிக்’ என்று கத்துமே தவிர அப்படிக் கூவாது. பெண்ணின் குரலைக் குயிலுக்கு ஒப்பிட்டுப் பாடியவர்கள் கேட்டது பெரும்பாலும் குயிற்சேவலின் குரல்.

பூனை, நாய், குதிரை மூன்றும் சீக்கிரம் முடிந்துவிடும். ஆண் பூனையைக் கடுவன் பூனை என்பார்கள், குரங்குக்கு வந்த அதே கடுவன். யாழ்ப்பாணத்தில் ஆண் நாயும் கடுவன். பெண் நாய் பெட்டை நாய். குதிரைக்கு ஆண் குதிரை, பெட்டைக் குதிரை. காயடித்த குதிரைக்குத் தமிழில் தனிச் சொல் புழக்கத்தில் இல்லை. மாட்டுக்கு எருது பிறந்ததுபோல் குதிரைக்கு ஒன்று பிறக்காததற்குக் காரணம், நம் உழவன் வீட்டில் குதிரை இல்லை.

பெட்டை என்ற சொல்லைப் பற்றி ஒரு கவனம். விலங்குக்கும் பறவைக்கும் அது நல்ல சொல், பள்ளியில் தயங்காமல் எழுதலாம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் சிறுமியைப் பெட்டை என்பது அன்பாகவே சொல்வது. ஆனால் தமிழ்நாட்டு வழிவந்த நம் வீடுகளில் மனிதரைப் பார்த்துப் பெட்டை, பொட்டை என்றால் அது வசை. மலாயில் பெத்தினாவும் அப்படித்தான். விலங்கைச் சொல்லலாம், ஒரு பெண்ணைச் சொன்னால் மிகப் பெரிய அவமதிப்பு. நான்காம் ஆண்டுப் பையன் இரண்டு மொழியிலும் இந்தச் சொல்லைக் கற்கும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பள்ளி மைதானத்தில் இது எப்படிப் பயன்படுகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, அவன் வாக்கியம் எழுதும்போது தடுமாறுவான். காளை வந்தான், பசு வந்தாள் என்று எழுதக் கூடாது. விலங்குகள் அஃறிணை, காளையும் வந்தது, பசுவும் வந்தது. பன்மையில் வந்தன. வினை ஆண் பெண் காட்டாது, பெயர்தான் காட்டும். கதையில் சிங்கராஜா பேசினார் என்று எழுதுவதும், வீட்டில் ‘நம்ம லட்சுமி கன்னு போட்டுட்டா’ என்று பசுவைச் சொல்வதும் வேறு கணக்கு. அது அன்பினால் உயர்திணை ஆக்குவது, இலக்கணமே அதற்கு இடம் கொடுக்கிறது.

கடைசியாக, இளமைப் பெயரையும் கேட்டிருந்தீர்கள். அதிலும் இதே கதைதான், சொற்கள் விலங்குக்கு விலங்கு நடமாடும். கன்று என்பது மாட்டுக்கு மட்டுமில்லை. யானை, குதிரை, கழுதை, எருமை, ஒட்டகம் எல்லாவற்றுக்கும் கன்று. யானைக்குட்டி என்று இன்று எல்லோரும் சொல்கிறோம், தேர்வில் யானைக்கன்று என்று எழுதுவது பாதுகாப்பு. நாய், பன்றி, புலி, முயல், நரி இவற்றுக்குப் பழைய பெயர் குருளை. குட்டி, பறழ் என்றும் சொல்லலாம். பறப்பனவற்றுக்கும் ஊர்வனவற்றுக்கும் பார்ப்பு, பிள்ளை. கோழிக்கு நாம் குஞ்சு என்போம். பிள்ளை என்பதை நாய்க்கு மட்டும் சொல்லக் கூடாது என்று மரபியல் விலக்கியிருக்கிறது. அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்று நாம் சொல்வது அந்த வழக்கின் மிச்சம். இன்று அவை குட்டியைக் குறிப்பதில்லை, வளர்ந்த கீரிக்கும் கீரிப்பிள்ளை என்றே பெயர்.